புயலில் நின்ற போன் தவணையும் புது பைக் கடனும்

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடலூர் சிப்காட்டில் ஒப்பந்த வேலை, கைக்கு வருவது மாதம் 19,000 ரூபாய். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வரும் நேரத்தில் ஊருக்குப் பஸ் கிடையாது. அதனால் 1,25,000 ரூபாய் ஆன்ரோடு விலையில் ஒரு பைக் பார்த்திருக்கிறார். கையிருப்பு 25,000. ஷோரூமில் சிபில், அதாவது கடன் மதிப்பெண், பார்த்தபோது 640 என்று வந்ததாம். அதற்கான காரணமும் அவருக்குத் தெரிகிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. வேலையும் சில வாரங்கள் இல்லை. போனுக்கு வாங்கியிருந்த கடனில் கடைசி நான்கு தவணை நின்றுபோனது. அபராதமெல்லாம் சேர்த்து இன்று 9,600 ரூபாய் பாக்கி.

அவருடைய கேள்விகள்: "5,000 கட்டினால் செட்டில்மென்ட் போட்டு முடித்துக் கொடுக்கிறேன் என்கிறார் வசூலுக்கு வருபவர். கட்டிவிடலாமா? ஷோரூமில் 11 சதவீத வட்டிக்கு ஒரு லட்சம், மூன்று வருடத் தவணையில் ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். இந்த ஸ்கோருக்குக் கிடைப்பதே பெரிது என்று எடுத்துக்கொள்ளவா? பாகூரில் மாமா வீட்டு விலாசம் கொடுத்து புதுச்சேரியில் எடுத்தால் செலவு குறையுமா?"

முதலில் அந்த 11 சதவீதத்தைப் பார்ப்போம். உங்கள் கையிலிருந்து அதிகமாகப் பணம் போகப்போவது அங்கேதான்.

வண்டிக் கடனில் வட்டியை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று ஃபிளாட் வட்டி. இதில் மூன்று வருடமும் முழு ஒரு லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். வருடத்துக்கு 11,000, மூன்று வருடத்துக்கு 33,000. மொத்தம் 1,33,000-ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் தவணை 3,694 ரூபாய் வரும். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள்? இரண்டாவது வருடக் கடைசியில் பாதிக்கு மேல் அசல் திரும்பிப் போயிருக்கும். போன அசலுக்கும் சேர்த்து வட்டி கட்டுவதுதான் ஃபிளாட். இன்னொன்று குறையும் பாக்கிக்கு வட்டி. எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதற்கு மட்டும் வட்டி. அதே ஒரு லட்சம், அதே 11 சதவீதம், அதே 36 மாதம் என்றால் இந்த முறையில் தவணை சுமார் 3,274 தான், மொத்த வட்டி 17,900-க்குள் முடிந்துவிடும்.

அதாவது உங்களிடம் சொல்லப்படும் 11 சதவீதம் ஃபிளாட்டாக இருந்தால், குறையும் பாக்கிக் கணக்கில் அது ஏறக்குறைய 19.5 சதவீதம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது ஃபிளாட் என்றே நினைக்கிறேன். ஷோரூமில் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாதத் தவணை எவ்வளவு?" பதில் 3,700-ஐ ஒட்டி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்காகவே ரிசர்வ் வங்கி ஒரு விதி போட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபருக்குக் கொடுக்கும் எந்தத் தவணைக் கடனுக்கும் கீ ஃபாக்ட் ஸ்டேட்மென்ட் என்ற, கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாளை, கையெழுத்து வாங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். ஏபிஆர் என்ற ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். வட்டி, பிராசஸிங் கட்டணம், கடனோடு சேர்த்து விற்கும் இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் அடங்கும். உங்களுக்குப் புரிகிற மொழியில் தர வேண்டும் என்றும் விதி சொல்கிறது. தமிழில் கேளுங்கள். அந்தத் தாளில் சொன்ன நிபந்தனை குறைந்தது மூன்று வேலை நாட்களுக்குச் செல்லும். வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் பார்க்கலாம். "இன்றைக்கே போட்டால்தான் இந்த ரேட்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் அந்த மூன்று நாளைச் சொல்லுங்கள்.

சரி, போன் கடனுக்கு வருவோம். 5,000 கட்டி செட்டில்மென்ட் போடாதீர்கள். அப்படிப் போட்டால் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில், அதாவது நீங்கள் கடன் வாங்கித் திருப்பிய விவரங்களின் பதிவில், அந்தக் கணக்குக்கு எதிரே "செட்டில்டு" என்று விழும். முழுதும் கட்டினால் "குளோஸ்டு". வார்த்தைதானே என்று தோன்றும். ஆனால் கடன் கொடுக்கிறவர் செட்டில்டு என்பதை, இவர் வாங்கியதை முழுதாகத் திருப்பவில்லை என்றுதான் வாசிப்பார். இன்று மிச்சமாகும் 4,600 ரூபாய்க்காக வருடக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

வசூலுக்கு வருகிறவரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கே எழுதுங்கள், மின்னஞ்சல் போதும். வெள்ளத்தில் வீடும் வேலையும் பாதித்ததைச் சொல்லி, அசலும் வட்டியும் முழுதாகக் கட்டுகிறேன், அபராதக் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யுங்கள், கணக்கை குளோஸ்டு என்றே அனுப்புங்கள் என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் 9,600-ஐயும் கட்டிவிடுங்கள். எப்படியானாலும் பாக்கி இல்லை என்ற என்ஓசி கைக்கு வரவேண்டும்.

கடலூரிலும் புதுச்சேரியிலுமாகப் பல வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்திருக்கிறேன். இந்த ரிப்போர்ட்டைப் பற்றி எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. எத்தனை நாள் தாமதம் என்பதை அது மாதம் மாதமாக எழுதி வைத்திருக்கும். ஏன் தாமதம் என்பது பெரும்பாலும் அதில் தெரியாது. 2011-இல் வந்த ‘தானே’ புயலில் பலாவும் முந்திரியும் சாய்ந்தபோது தவணை விட்டவரும், கையில் பணம் இருந்தும் கட்டாதவரும் அதில் ஒன்றுதான். இதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறைக்கு உதவும். மழைக்காலத்தில் தவணை நிற்கும் என்று தெரிந்தவுடனே, தேதி வருவதற்கு முன்பே, அவகாசம் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பிய பிறகு சொன்னால் யார் காதிலும் ஏறாது.

ஸ்கோர் விஷயம். சிபில் என்று நாம் சொல்வது ஒரு நிறுவனத்தின் பெயர். அதைப்போல எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. இத்தனைக்குக் கீழே இருந்தால் கடன் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி கோடு எதுவும் போடவில்லை, அது ஒவ்வொரு நிறுவனத்தின் சொந்த முடிவு. அதனால் 640 வைத்திருப்பவர் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

இந்த நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகக் கொடுக்க வேண்டும். நான்கையும் எடுத்துப் பாருங்கள். நம்முடைய ரிப்போர்ட்டை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஷோரூமில் உங்கள் பேப்பரை நாலைந்து ஃபைனான்ஸுக்கு ஒரே நாளில் அனுப்பினால்தான் ஒவ்வொன்றும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் கொஞ்சம் இழுக்கும். ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் தப்பு இருப்பதும் அபூர்வமில்லை. தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவர் படகு இன்ஜினுக்கு வாங்கிய கடனை அடைத்து இரண்டு வருடம் ஆகியும் அது பாக்கி என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவர் என்ஓசியைப் பத்திரமாக வைத்திருந்ததால் சரிசெய்ய முடிந்தது. இப்போது புகார் கொடுத்து 30 நாளில் சரியாகாவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பஸ் ஸ்டாண்ட் சுவரில் "சிபில் கிளியர் செய்து தரப்படும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. பொய்யான பதிவை நீங்களே இலவசமாகத் திருத்தலாம்.

இனி என் யோசனை. முடிந்தால் ஆறு மாதம் பொறுங்கள். கையிருப்பில் 10,000-ஐ எடுத்து போன் கடனை அடையுங்கள், 15,000 மிஞ்சும். வண்டி வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்த 3,694 ரூபாயை மாதாமாதம் வங்கியில் ஆறு மாத ஆர்டி, அதாவது மாதச் சேமிப்பு, போட்டு வாருங்கள். (போஸ்ட் ஆபீஸ் ஆர்டி இதற்கு ஒத்துவராது. அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன்னால் மூட முடியாது.) ஆறு மாதத்தில் 22,000 சேரும். முன்பணம் 37,000 ஆகிவிடும், கடன் 88,000 போதும். 2025 ஜனவரியிலிருந்து கடன் விவரங்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படுவதால், போன் கடன் அடைந்தது அதற்குள் ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும். ஸ்கோர் ஒரே தாவலில் 750-க்குப் போகாது. ஆனால் பாக்கி இல்லாத ரிப்போர்ட்டும் 30 சதவீத முன்பணமும் கையில் இருந்தால், உங்கள் சம்பளம் வரவாகும் வங்கியிலேயே தைரியமாகக் கேட்கலாம்.

கணக்குக்காக, குறையும் பாக்கிக்கு 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 88,000-க்கு 30 மாதம் என்றால் தவணை 3,500-க்குள், மொத்த வட்டி சுமார் 16,800. இன்றே ஃபிளாட்டில் எடுத்தால் 33,000. ஆறு மாதம் பொறுத்து 30 மாதம் கட்டினால், இன்று எடுக்கும் 36 மாதக் கடன் எந்த மாதம் முடியுமோ அதே மாதத்தில் இதுவும் முடிந்துவிடும். கூடவே போன் கடனும் தீர்ந்திருக்கும்.

ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மேல் சிப்காட் வாசலில் நிற்பவரிடம் ஆறு மாதம் பொறு என்று சொல்வது எனக்கும் லேசாக வரவில்லை. அதே ஷிப்டில் உங்கள் பக்கம் போகிறவர் வண்டியில் பெட்ரோலைப் பங்குபோட்டு வர முடியுமா பாருங்கள். அதற்கு வழியில்லை, வீட்டில் நகை இருக்கிறது என்றால் வங்கி நகைக் கடன் இந்த ஃபிளாட் வட்டியைவிட மலிவு, ஸ்கோரையும் அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். அம்மாவின் சம்மதத்தோடு, தேதி தவறாமல் மீட்கும் உறுதியோடு மட்டும் அந்த வழிக்குப் போங்கள். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும், அந்த வருத்தம் வண்டியோடு நிற்காது. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் ஆர்சியில் ஹெச்பி, அதாவது ஃபைனான்ஸ் பாக்கிக் குறிப்பு, நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பாகூர் யோசனை வேண்டாம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் வரி குறைவு என்று புதுச்சேரியின் பிஒய் நம்பரில் எடுக்கிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஆனால் நீங்கள் குடியிருப்பதும் வண்டி ஓடுவதும் கடலூர் மாவட்டத்தில். வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம், அப்போது இங்கேயும் வரி கட்ட வேண்டியிருக்கும். கடன் கொடுப்பவர் விலாசத்தைப் பார்க்க ஆள் அனுப்புவார். அங்கே நீங்கள் இல்லை என்றால் சரியாகிக்கொண்டிருக்கும் பெயர் மறுபடி கெடும். மாமா பெயரிலேயே எடுக்கலாமா என்று யோசித்தால், நீங்கள் விடும் ஒவ்வொரு தவணையும் அவருடைய ரிப்போர்ட்டில்தான் விழும்.

எந்த வழியில் எடுத்தாலும் தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு நாலைந்து நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒப்பந்த வேலையில் சம்பளம் இரண்டு நாள் பிந்துவது சாதாரணம், அன்று வங்கிக் கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் ஆட்டோ டெபிட் பணமில்லாமல் திரும்பினால் நிறுவனம் ஒரு கட்டணம், வங்கி ஒரு கட்டணம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். முன்கூட்டியே கடனை முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் கையெழுத்துப் போடும்முன் அந்தக் கீ ஃபாக்ட் ஸ்டேட்மென்ட் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணை கட்டியதும் என்ஓசியோடு படிவம் 35-ஐ வாங்கி ஆர்டிஓ அலுவலகத்தில் கொடுத்து, ஆர்சியிலிருந்து ஹெச்பியை நீக்கிவிடுங்கள்.