'மேரீட் வித்' என்று சொல்லலாமா?

நாகர்கோவிலில் ஆங்கிலம் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்காவுக்கு ஒரு டாக்டரோடு கல்யாணம் ஆகிவிட்டது என்பதை 'மேரீட் வித் எ டாக்டர்' என்று எழுதினேன். தவறு என்கிறார்கள், ஏன்?"

'மேரீட் டு எ டாக்டர்' என்பதே சரி. தமிழில் 'டாக்டரோடு' என்கிறோம் இல்லையா, அந்த 'ஓடு'தான் நம்மை 'வித்' போட வைக்கிறது. 'மேரீட் வித் டூ சில்ட்ரன்' என்றும் பார்த்திருப்பீர்கள். அது சரிதான், ஆனால் பொருள் வேறு: கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 'ஷி மேரீட் எ டாக்டர்' என்று வினையாக வந்தாலோ நடுவில் எதுவுமே வேண்டாம்.

அப்புறம், நம் மைனி, நாத்தனார், கொழுந்தியாள் மூவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல், 'சிஸ்டர் இன் லா'. யாரென்று புரிய வேண்டுமென்றால் மைனியை 'மை பிரதர்ஸ் வைஃப்' என்று விரித்தே சொல்லுங்கள். பன்மை, 'சிஸ்டர்ஸ் இன் லா'.