இங்கிலீஷ் 'கெட்' (get) பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அக்கா, கெட்னா 'பெறு'ன்னு தானே ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க, அப்புறம் ஏன் எல்லா இடத்துலயும் வந்து நிக்குது?

பதில்: பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க, அதுல தான் விஷயமே. பொருள் வந்தா கிடைச்சுது, ஐ காட் எ லெட்டர் (காட்னா கெட்டோட இறந்தகாலம்). டயர்ட், ஆங்க்ரி மாதிரி நிலைமை வந்தா 'ஆயிடுச்சு', ஐ காட் டயர்ட்னா டயர்ட் ஆயிட்டேன். இடம் வந்தா போய்ச் சேர்றது, வி காட் டு சேலம் அட் டென். ஐ டோன்ட் கெட் இட்னா சுத்தமா புரியல.

கேள்வி: அப்ப கெட் டு ஹோம் சரியா?

பதில்: இல்ல. ஹோம், ஹியர், தேர் மூணுக்கும் டு வராது.

கேள்வி: பஸ்ல கெட் டவுன்னு சொன்னா தப்பாமே?

பதில்: நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா லண்டன்ல பஸ், ட்ரெயின், ஃப்ளைட் எல்லாத்துக்கும் கெட் ஆன், கெட் ஆஃப் தான், காருக்கும் டாக்சிக்கும் மட்டும் கெட் இன், கெட் அவுட். உள்ள எழுந்து நடக்க முடிஞ்சா ஆன், குனிஞ்சு நுழைஞ்சு உட்காரணும்னா இன்னு வச்சுக்கோங்க. பைக், சைக்கிள் மேல ஏறி உட்கார்றதால அதுக்கும் ஆன் தான்.

கேள்வி: ஐ காட் மை ஹேர் கட்னா நானே வெட்டிக்கிட்டேன்னு ஆகாதா மேடம்?

பதில்: ஆகாது, சலூன்காரர் வெட்டுனது. ஐ கட் மை ஹேர்னா தான் கத்திரிக்கோல் உங்க கையில! செஞ்ச ஆளையும் சொல்லணும்னா டு கட்டாயம் வேணும், ஐ காட் ஹிம் டு ஃபிக்ஸ் தி பைக். இதே மேக் போட்டா டு கிடையாது, ஐ மேட் ஹிம் ஃபிக்ஸ் இட், நிறைய பேர் இங்க தான் சறுக்குறாங்க. அர்த்தமும் ஒண்ணு இல்ல, மேக்ல மிரட்டுன தொனி இருக்கு, கெட்ல பேசி சம்மதிக்க வச்சது.

கேள்வி: அமெரிக்கால 'காட்டன்'னு சொல்றாங்களே, துணியா?

பதில்: ஹாஹா, துணி இல்ல, கெட்டோட மூணாவது வடிவம் (gotten). அங்க ஐ ஹேவ் காட் எ கார்னா என்கிட்ட கார் இருக்கு, ஐ ஹேவ் காட்டன் எ கார்னா வாங்கியிருக்கேன். பிரிட்டன்ல ரெண்டுக்கும் காட் தான். காட்டன் பழைய வடிவம், அமெரிக்காக்காரங்க புதுசா கண்டுபிடிச்சது இல்ல, ஃபர்காட்டன்ல அது பிரிட்டன்லயும் இன்னும் உயிரோட இருக்கு.

கேள்வி: ஆபீஸ் மெயில்ல கெட் போடலாமா?

பதில்: டீம் ஆளுங்களுக்கு தாராளமா. கிளையன்ட்டுக்கு, பரீட்சைக்குன்னா ரிசீவ், அப்டெய்ன், பிகம்னு பொருத்தமா மாத்திக்கோங்க.

கேள்வி: ஐ காட் மேரேஜ்?

பதில்: ஐ காட் மேரீட். யாரோடன்னு சொல்ல 'டு' போடுங்க, 'வித்' வேணாம்.