இரண்டு பேர், நான்கு நாள், பனிமலை

கேள்வி: குளிர்காலத்தில் நானும் நண்பரும் ஸ்கீயில் நான்கு நாள் மலையில் சுற்றி, கூடாரத்தில் தங்கப்போகிறோம். எதில் அதிகக் கவனம் வேண்டும்?

பதில்: பனிச்சரிவில். பெரும்பாலும் அது 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். சாய்வுமானியால் அளந்து, 30-க்குக் குறைவான இடங்களில் பாதை போடுங்கள். தலைக்கு மேலே செங்குத்தான முகடு இருந்தால், அடிவாரத்துச் சமதளமும் ஆபத்துதான்.

ஆளுக்கொரு டிரான்ஸீவர் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சமிக்ஞை அனுப்பி வாங்கும் கருவி), புரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), உலோக மண்வாரி கட்டாயம். பிளாஸ்டிக் மண்வாரி இறுகிய பனியில் உடைந்துவிடும். டிரான்ஸீவரிலிருந்து செல்போன் 20 செ.மீ. தள்ளியே இருக்கட்டும், தேடும்போது 50 செ.மீ. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குமேல் புதைந்திருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். உங்களில் ஒருவர் புதைந்தால் தோண்ட மற்றவர் மட்டும்தான். எனவே ஒருவர் கடந்து பத்திரமான இடம் சேர்ந்த பிறகே அடுத்தவர் கிளம்பவேண்டும். பேசிக்கொண்டே சேர்ந்து போகிற சுகத்தை இங்கே மறந்துவிடுங்கள்.

ஏறுவதற்கு ஸ்கீயின் அடியில் ஒட்டும் ஸ்கின் பட்டையின் பசையில் பனித்தூள் படிந்தால் பிடிக்காது. துடைத்து, இடைவேளைகளில் ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடாக்குங்கள். பசை அடியோடு பிடிக்காத அவசரத்தில் பட்டையை ஸ்கீயோடு சேர்த்துக் கட்ட இரண்டு வார்ப்பட்டைகள் போதும்.

கடுங்குளிரில் கேஸ் அடுப்புக் குப்பியிலுள்ள பியூட்டேன் சரியாக ஆவியாகாது. பம்ப் செய்யும் திரவ எரிபொருள் அடுப்பே நல்லது. பனியை உருக்கவும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 மி.லி. எரிபொருள். பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், இல்லையேல் அடி தீயும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டாம். அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு வாசனை காட்டாது.