பூமியைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள்: கேள்வி பதில்

விண்வெளியிலிருந்து எடுத்த பூமிப் படங்கள், பிரபஞ்சத்தின் வயது இரண்டைப் பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, நிலாவுக்கு மேலே பூமி உதிக்கிற அந்தப் படம் யார் எடுத்தது? நிலாவில் நின்றால் தினமும் அப்படிப் பார்க்கலாமா?

எடுத்தவர் வில்லியம் ஆண்டர்ஸ். நிலாவைச் சுற்றிவந்த அமெரிக்க விண்கலமான அப்பல்லோ 8-இல் போர்மன், லவல் இருவரோடு போனவர். 1968 டிசம்பர் 24 அன்று நான்காவது சுற்றில் ஜன்னல் பக்கம் பூமி எட்டிப் பார்த்தது. அவர் கையில் இருந்ததோ கருப்பு-வெள்ளை ஃபிலிம் போட்ட கேமரா. அதிலேயே ஒன்றைத் தட்டிவிட்டு, கலர் ஃபிலிம் எங்கே, சீக்கிரம் கொடு என்று லவலிடம் அவசரப்பட்டது ஒலிநாடாவில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

நிலாவில் நிற்பவருக்கு இந்த உதயம் கிடையாது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. அதனால் அங்கிருந்து பார்த்தால் பூமி வானத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும், லேசாக மட்டும் ஆடும். சுற்றிக்கொண்டிருந்தது இவர்களுடைய கலம். அதனால்தான் உதிப்பதுபோல் தெரிந்தது. இன்னொன்று: ஆண்டர்ஸ் பார்த்தபடி வைத்தால் நிலாவின் விளிம்பு வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். தரை கீழே இருந்தால்தான் நமக்கு நிம்மதி, படத்தைத் திருப்பிவிட்டோம்.

கேள்வி: முழு உருண்டையாக, ஆப்பிரிக்கா தெரியும் படமும் திருப்பியதுதானா?

ஆமாம். 1972 டிசம்பர் 7, அப்பல்லோ 17. புறப்பட்டுச் சில மணி நேரத்தில், சுமார் 29,000 கி.மீ. தூரத்தில் எடுத்தது. சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் முழு வட்டமும் வெளிச்சத்தில் கிடைத்தது. மூலப் படத்தில் தென்துருவம் மேலே. வரைபடம் பார்த்துப் பழகிய கண்களுக்காக வடக்கை மேலே வைத்து வெளியிட்டார்கள்.

இந்தப் படத்தில் எல்லோரும் ஆப்பிரிக்காவையும் அண்டார்டிக் பனியையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை வலது மேல் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஒரு மேகச் சுழல் இருக்கும். இரண்டு நாள் முன்னால் தமிழ்நாட்டை அடித்துப்போட்ட புயல் அது! கலத்திலிருந்த மூன்று பேர் அதைக் கட்டைவிரல் நகமளவு வெள்ளையாகப் பார்த்துக்கொண்டே நிலாவுக்குப் போயிருக்கிறார்கள். இங்கே கீழே வெள்ளம் வடிந்திருக்காது. உலகத்திலேயே அதிகம் அச்சான படங்களில் ஒன்றில் நம் ஊர்ப் புயல் இருப்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

கேள்வி: நிலாவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று படித்தோமே சார்?

தெரியாது. நீளம் ஆயிரக்கணக்கான கி.மீ. இருந்தாலும் அகலம் சில மீட்டர்தான். நீளமான தலைமுடி என்பதற்காகத் தெருக்கோடியிலிருந்து தெரிந்துவிடுமா? 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் யாங் லிவெய், அவ்வளவு பக்கத்திலிருந்தே தன் கண்ணுக்குப் படவில்லை என்று சொல்லிவிட்டார்.

கேள்வி: மேலிருந்து பார்த்தால் எல்லைக்கோடே தெரியாது என்பார்களே, அதாவது உண்மையா?

பகலில் பெரும்பாலும் உண்மை. ராத்திரியில் இந்திய-பாகிஸ்தான் எல்லை விளக்குகள் ஆரஞ்சுக் கோடாக நன்றாகவே தெரிகின்றன. விண்வெளி நிலையத்திலிருந்து படமே எடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு என்கிறீர்கள். மனசில் எங்கே நிறுத்துவது அதை?

அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகன் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு. முழுக் காலத்தையும் ஒரே வருஷமாகச் சுருக்கினால் ஒரு நாள் என்பது 3.8 கோடி ஆண்டு, ஒரு நொடி சுமார் 440 ஆண்டு. பூமி பிறந்தது செப்டம்பர் தொடக்கத்தில். டைனோசர்கள் அழிந்தது டிசம்பர் 30. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இரண்டு நொடியும் கொஞ்சமும்தான் ஆகிறது.

சரி, எனக்கு இந்தக் காலண்டரைவிடக் கல்தான் உதவுகிறது. சென்னை பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருக்கும் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. நம் காலண்டரில் அக்டோபர் கடைசி வாரம். அந்தப் பாறை உருவானபோது காற்றில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட இல்லை, உயிர் என்றால் நுண்ணுயிர் மட்டும். ஒருநாள் போய்க் கை வைத்துப் பாருங்கள். வெயிலில் சுடும், காலையில் போங்கள்.

கேள்வி: ஐயா, நம் புராணத்தில் ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு. பூமியின் வயது 454 கோடி. அப்போதே தெரிந்திருக்கிறது அல்லவா?

எண்கள் பக்கத்தில் வருவது தற்செயல். கல்பம் என்பது பிரம்மாவின் ஒரு பகல், 43,20,000 ஆண்டு கொண்ட சதுர்யுகம் ஆயிரம் சேர்ந்தது. அது பூமியின் வயது என்று அந்தக் கணக்கும் சொல்வதில்லை. அதன்படியே நடப்புக் கல்பத்தில் கழிந்தது சுமார் 197 கோடிதான். நாம் இன்று சொல்லும் எண் அளந்து வந்தது. 1956-இல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, யுரேனியம் ஈயமாக மாறும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டார். ஆனால் ஒன்று, ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில்கூட உலகம் கி.மு. 4004-இல் தோன்றியது என்று ஒரு பேராயர் நாள் குறித்தார். கோடிகளில் யோசிக்கத் தயங்காதவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதில் எனக்கும் பெருமைதான்.

கேள்வி: நிலாவிலிருந்து பார்த்தால் பூமி எவ்வளவு பெரிசு என்று என் எட்டு வயதுப் பெண் கேட்கிறாள்.

நமக்கு நிலா தெரிவதைப்போல அகலத்தில் மூன்றரை மடங்குக்கும் மேல். பாப்பாவைக் கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தச் சொல்லுங்கள். பூமி அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். லவல் அப்படித்தான் மறைத்துப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு மாடியில் நிலா தெரிந்தால் அதையும் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், சுண்டுவிரலே போதும்.