சக்கரய மிக்ஸில பொடிச்சா போதுமா, ஐசிங் சுகர் காசு குடுத்து வாங்கணுமா?

கேள்வி (புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகி): அக்கா வணக்கம். பொண்ணு பொறந்தநாளுக்கு வீட்லயே கேக் பண்ணலாம்னு கடைல ஐசிங் சுகர் கேட்டேன், அரை கிலோ பாக்கெட் 60 ரூபா. பக்கத்துலயே சாதா சக்கர கிலோ 46 ரூபா. அரைச்சு குடுக்கறதுக்கா இவ்ளோ? ஒரு பாக்கெட் வாங்கினேன், மீதிய நானே மிக்ஸில பொடிச்சேன். ரெண்டே நாள்ல டப்பாக்குள்ள கல்லு மாதிரி ஆயிடுச்சு, கரண்டி இறங்கல. கடை பாக்கெட்டு மட்டும் மாவு மாதிரி இருக்கு. அத தண்ணில கரைச்சா வெள்ளையா கலங்குது, வீட்டு பொடி கலங்கல. சுண்ணாம்பு கலந்திருப்பான்னு மாமியார் சொல்றாங்க, நெஜமா?

பதில்: மாமியார் சந்தேகப்பட்டதுல தப்பே இல்லம்மா, ஆனா அது பெரும்பாலும் சுண்ணாம்பு இல்ல, கார்ன்ஃப்ளார், அதாவது மக்காச்சோளத்துலேர்ந்து எடுக்கற மாவுச்சத்து, இங்கிலீஷ்ல ஸ்டார்ச். பாக்கெட் பின்னாடி பொடி எழுத்துல ஸ்டார்ச்னு போட்டிருக்கும் பாருங்க. பொடி கட்டி தட்டாம இருக்கத்தான் சேக்கறாங்க, 4 சதவீதம் வரைக்கும் சேக்க சட்டமே அனுமதிக்குது. சந்தேகம் போகலன்னா கரைச்ச தண்ணிய அப்டியே வைங்க, அடில படிஞ்சத கொஞ்சம் எடுத்து மெடிக்கல்ல கிடைக்கிற அயோடின் டிங்சர் ஒரு சொட்டு விடுங்க, கருநீலமா மாறிச்சுன்னா ஸ்டார்ச் இருக்கு. இன்னும் கொஞ்சம் எடுத்து எலுமிச்சம்பழம் புழிஞ்சு பாருங்க, நுரைச்சு பொங்கிச்சுன்னா அப்ப மாமியார் ஜெயிச்சாங்க, பில்லோட 1915க்கு போன் போடுங்க, அது நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்.

விலைக்கு வருவோம். நீங்க சொன்ன கணக்குப்படி கடை பொடி கிலோ 120 ரூபா, சக்கர 46. கரண்டு செலவு என்னாகும்னு பாத்தா 750 வாட் மிக்ஸி ரெண்டு நிமிஷம் ஓடினா 0.025 யூனிட், அதாவது சில பைசா, அத விடுங்க. ஆக வீட்ல பொடிக்கறதுதான் லாபம், ஆனா பொடிச்சு *வச்சுக்கறது* நஷ்டம். நம்மூரு கடக்காத்துல உப்பு ஜாடியே தண்ணி விடுது, சக்கரய பொடிச்சா ஈரம் புடிக்கற பரப்பு இன்னும் கூடிடும், சும்மா இருக்குமா? மிக்ஸி சூட்டோட டப்பால போட்டு மூடினீங்கன்னா கதை முடிஞ்சுது. ஃப்ரிட்ஜ்ல வைக்கவே வைக்காதீங்க, வெளிய எடுத்ததும் வேர்த்து கொட்டும். அன்னன்னைக்கு வேணுங்கறத மட்டும் பொடிங்க. கட்டியான டப்பாவ தூக்கி போட்டுடாதீங்க, தட்டி ஒடைச்சு திரும்ப ஒரு சுத்து விட்டா போதும், இல்ல காப்பில போயிடும்.

பொடிக்கறப்ப சின்ன ஸ்டீல் ஜார், சொட்டு ஈரம் இருக்கக்கூடாது. பிளாஸ்டிக் ஜார்னா சக்கர கீறி மங்கலாயிடும். ஒரு கப் சக்கர, அதாவது 200 கிராம், அதோட ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார். அது சுமாரா 8 கிராம் வரும், அதே 4 சதவீதம்தான். ஒரே ஓட்டா ஓட்டாம விட்டு விட்டு ஓட்டுங்க, இல்லன்னா ஜார் சூடாகி ஓரத்துல அப்பிக்கும். நிறுத்தினதும் மூடிய தொறக்காதீங்க, ஒரு நிமிஷம் பொறுங்க, நான் அவசரப்பட்டு தொறந்து பவுடர் பூசின மாதிரி நின்னுருக்கேன். அப்புறம் மெல்லிசு சல்லடைல சலிங்க, தங்கினத திரும்ப போடுங்க. கார்ன்ஃப்ளார் கேட்டு வாங்கறப்பவும் பாத்து வாங்குங்க, எனக்கு ஒரு கடைல மக்காச்சோள மாவ கட்டி குடுத்துட்டாங்க, மஞ்சளா இருந்துச்சு, கிறிஸ்மஸ் கேக்கு மேல தூவினா மஞ்சத்தூள் தூவின மாதிரி ஆயிடுச்சு. நமக்கு வேண்டியது வெள்ளையா, தேச்சா கரகரன்னு சத்தம் வர்ற மாவு.

ரொம்ப பேர் ஏமாறற எடம் அளவுதான். கேக் குறிப்புல 1 கப் பொடிச்ச சக்கரன்னு போட்டா அது 120 கிராம் சுமார். 1 கப் சக்கரய எடுத்து பொடிச்சு மொத்தத்தையும் கொட்டினா 200 கிராம் போயிடும், திகட்டும். பொடிச்சப்புறம் அளங்க, தராசு இருந்தா இன்னும் நல்லது.

எப்ப கடைல வாங்கணும்? பட்டர் கிரீம் அடிக்கறப்ப, பூவு கீவு பைப்பிங் பண்றப்ப. வீட்டு பொடி எவ்ளோ சலிச்சாலும் நாக்குல லேசா நறநறங்கும். பொறந்தநாள் கேக்குக்கு நீங்க பாக்கெட் வாங்கினது சரிதான். நான்கத்தாய், ரவா லாடு, மாலாடு எல்லாத்துக்கும் வீட்டு பொடியே அமிர்தம், லாடுக்கு ஏலக்காயும் சேத்து அடிங்க, கார்ன்ஃப்ளார் வேணாம்.

கேள்வி (முத்தியால்பேட்டை): வெள்ளை கல்கண்ட பொடிச்சா உடம்புக்கு நல்லதுன்னு கடைக்காரர் விக்கிறார், வாங்கலாமா?

பதில்: அதுவும் சக்கரதாங்க, பெருசா படிய விட்டது, அவ்ளோதான். கூடுதல் காசு, கூடவே மிக்ஸி பிளேடுக்கும் கேடு. பனங்கல்கண்டு வேற சமாச்சாரம், அத ஐசிங்குக்கு போட முடியாது.

கேள்வி (கடலூர் மஞ்சக்குப்பம்): ரேஷன் சக்கர கொஞ்சம் பழுப்பா, பிசுபிசுன்னு இருக்கு. பொடிக்க வருமா?

பதில்: வரும். ஈரத்தோட அரைச்சா பசை மாதிரி ஒட்டிக்கும், அதனால தாம்பாளத்துல பரப்பி ஒரு மணி நேரம் வெயில் காட்டுங்க, பக்கத்துலயே ஒக்காந்திருங்க, இல்லன்னா எறும்பு பங்குக்கு வந்துடும். நல்லா ஆறட்டும், அப்புறம் அரைங்க. நிறம் பால் வெள்ளையா வராது, பிஸ்கட்டுக்கு யாரு பாக்க போறா. எங்க ஆயா வெள்ளை சக்கரய அஸ்கான்னுதான் சொல்லும், ஒடிசால அஸ்கான்னு ஒரு ஊர் சக்கரைக்கு பேர் போனது, அந்த பேருதான் இங்க வந்து ஒட்டிக்கிச்சு. பக்கத்துல நெல்லிக்குப்பத்துல சக்கர ஆலைய வச்சுக்கிட்டு ஒடிசா பேர சொல்லியிருக்கோம் பாருங்க.