வாஷர், ஷெல், ஒரு படம்: சுழற்சிக் கன அளவுக்கு இணையத்தில் உதவி தேடுவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

வெளிநாடு வந்து ஒரு பருவம்கூட முடியாத நிலையில் நுண்கணித வகுப்பில், ஒரு பகுதியை ஒரு கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் உருவாகும் சுழற்சித் திண்மங்களின் கன அளவு என்ற பாடத்தில் சிக்கிக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். வகுப்பில் எழுந்து கேட்கத் தயக்கமாக இருப்பதால் இணையத்தில் எங்கே, எப்படி உதவி கேட்பது என்றும், பணம் கட்டினால் விடை தரும் தளம் ஒன்றில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 16 ஆண்டுகளுக்கு முன் இதே பாடத்தில் நானும் திணறியவன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் தடுமாற்றத்தில் பாதி கணக்கினால் வருவதன்று, சொற்களால் வருவது. தொகையிடலைத் தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு, ஒய் வர்க்கத்தைத் தொகையிட்டுப் பை (π) என்ற எண்ணால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும் என்பது நன்றாகத் தெரியும். ஆனால் இங்கே பேராசிரியர் ‘டிஸ்க்’, ‘வாஷர்’, ‘ஷெல்’ என்று அடுக்கியபோது, எனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் அவர் சொல்கிறார் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. அகராதியில் வாஷர் என்ற சொல்லைத் தேடி, துவைப்பவர் என்ற பொருளைக் கண்டு விழித்த மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. அது குழாயில் போடுகிற, நடுவில் துளையுள்ள வட்டு, அவ்வளவுதான். துளையில்லாத முழு வட்டுதான் ‘டிஸ்க்’. ‘ஷெல்’ என்பது உட்புறம் வெறுமையான மெல்லிய உருளைக் கூடு. அதை நெடுக்காகக் கிழித்து விரித்தால் ஏறக்குறைய ஒரு செவ்வகத் தாள் கிடைக்கும் என்பதால்தான் சுற்றளவு, உயரம், தடிமன் ஆகிய மூன்றையும் பெருக்குகிறோம். ‘அபவுட் தி ஒய் ஆக்சிஸ்’ என்பதை ஒய் அச்சைப் பற்றி என்று நான் நெடுநாள் மனத்துக்குள் பெயர்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அதன் பொருள் ‘அச்சைச் சுற்றி’ என்பதே.

இந்தச் சொற்கள் தெரிந்தால்தான் தேடுபொறியில் எதைத் தட்டுவது என்பதே தெரியும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. லாமர் பல்கலைக்கழகத்தின் பால் டாகின்ஸ் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் குறிப்புகள் இந்தப் பாடத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பவை. ஆனால் உங்கள் பேராசிரியர் வாஷர் என்பதை அவர் ‘ரிங்’ என்பார், ஷெல் என்பதைச் ‘சிலிண்டர்’ என்பார். பெயர் மாறினாலும் முறை ஒன்றுதான் என்று முன்பே தெரிந்துகொண்டு போனால் குழப்பம் இராது. ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் இலவசக் கால்குலஸ் பாடநூலின் முதல் தொகுதியில் ஆறாம் அத்தியாயம் இதற்கானது. காதால் கேட்டுப் பழக வேண்டுமென்றால் எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரில் டேவிட் ஜெரிசனின் விரிவுரையைப் பாருங்கள். ஒரே காணொளியை முதல்முறை நிறுத்தி நிறுத்தியும், மறுமுறை நிறுத்தாமலும் பார்ப்பது, வகுப்பில் பேசும் வேகத்துக்கு உங்கள் காதைப் பழக்கும்.

ஆனால் எந்தக் காணொளியும் உங்கள் தவறு எது என்று உங்களிடம் சொல்லாது. அதற்கு ஒரு மனிதரிடம் கேட்க வேண்டும்; கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு படமும் ஒரு முயற்சியும் இருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டே சொல்கிறேன். ஒய் = எக்ஸ் என்ற நேர்கோட்டுக்கும் ஒய் = எக்ஸ் வர்க்கம் என்ற பரவளையத்துக்கும் இடையே, 0 முதல் 1 வரை உள்ள பகுதியை எக்ஸ் அச்சைச் சுற்றிச் சுழற்றுகிறோம். திண்மத்தை மெல்லிய வாஷர்களாக நறுக்கினால், ஒவ்வொன்றின் வெளி ஆரம் எக்ஸ், உள் ஆரம் (துளையின் ஆரம்) எக்ஸ் வர்க்கம். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, பிறகு கழித்துத் தொகையிட்டால் 1/3-இலிருந்து 1/5 போக 2/15. எனவே கன அளவு 2பை/15. புதிதாகப் படிப்பவர்களில் பலர், நான் உட்பட, முதலில் கழித்துவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்துவோம். அப்படிச் செய்தால் பை/30 வரும், அதாவது சரியான விடையில் கால் பங்கு. நடுத்துளையை அடியோடு மறந்து, வேறொரு திண்மத்தின் கன அளவைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்பதே அதன் பொருள்.

இப்போது ‘இந்தக் கணக்குக்கு விடை என்ன’ என்று மட்டும் கேட்டால் 2பை/15 என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவார். உங்கள் பிழை உங்களிடமே தங்கிவிடும். மாறாக, ‘பகுதியை இப்படி வரைந்தேன், வெளி ஆரமாக இதையும் உள் ஆரமாக இதையும் எடுத்தேன், எனக்குப் பை/30 வருகிறது, பாடநூல் 2பை/15 என்கிறது, எங்கே பிசகினேன்’ என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் ஒரே வரியில் பிழையைத் தொட்டுக் காட்டிவிடுவார். மேத் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் போன்ற கணிதக் கேள்வி பதில் தளங்களில் சொந்த முயற்சி இல்லாத கேள்வியைப் பெரும்பாலும் மூடிவிடுவார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே அதுதான் வழக்கம். ஆங்கிலம் பிழையாக இருந்தால் எவரும் பொருட்படுத்தப்போவதில்லை. ‘நான் கண்டது’, ‘எனக்கு வந்தது’ என்று சிறு வாக்கியங்களாக எழுதினாலே போதும். கையால் வரைந்த படத்தை இணைப்பது பத்து வாக்கியங்களுக்குச் சமம்.

படம் வரையக் கை வரவில்லையென்றால் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபடச் செயலியின் முப்பரிமாணப் பக்கத்தில் வளைவரையைச் சுழற்றிப் பார்க்கலாம். ஆனால் தேர்வு அறையில் அது இருக்காது; ஆகவே முதலில் தாளில் வரைந்துவிட்டு, சரிபார்க்க மட்டும் அதைத் திறப்பது நல்லது. வுல்ஃப்ராம் ஆல்ஃபா என்ற கணக்கிடும் தளம், நீங்கள் தட்டிய தொகையீட்டைத் துல்லியமாகக் கணக்கிடும். அந்தத் தொகையீடே தவறாக அமைக்கப்பட்டது என்றால் அந்தத் தவறையும் அதே துல்லியத்துடன் கணக்கிட்டுத் தரும். இப்போதைய செயற்கை நுண்ணறிவு உரையாடிகளும் படிப்படியாக விளக்குகின்றன. சில வேளைகளில் எது வெளி ஆரம் என்பதில் தடுமாறிவிட்டு, சற்றும் தயங்காமல் விடை சொல்கின்றன.

அதனால் விடை எங்கிருந்து வந்தாலும் சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருங்கள். நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸின் தேற்றம் எனக்கு மிகவும் பிடித்த வழி: சுழலும் பகுதியின் பரப்பை, அதன் மையப்புள்ளி (சென்ட்ராய்டு) சுற்றிவரும் தொலைவால் பெருக்கினால் கன அளவு. மேலே சொன்ன பகுதியின் பரப்பு 1/6; அதன் மையப்புள்ளி எக்ஸ் அச்சிலிருந்து 2/5 உயரத்தில் இருக்கிறது; 2பை, 2/5, 1/6 மூன்றையும் பெருக்கினால் 2பை/15 வந்துவிடுகிறது. அச்சு அந்தப் பகுதியின் ஊடே போகக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஒய் அச்சைச் சுற்றிச் சுழற்றும்போது இன்னொரு சோதனையும் உண்டு: ஷெல் முறையிலும் வாஷர் முறையிலும் தனித்தனியே செய்து பாருங்கள், இரண்டிலும் பை/6 வர வேண்டும்.

பணம் கட்டும் தளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் பருவத்தில் நானும் அத்தகைய ஒன்றில் சேர்ந்தேன். வீட்டுப்பாடத்தில் தொடர்ந்து முழு மதிப்பெண் கிடைத்தது; இடைத்தேர்வில் ஒய் = −1 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்றச் சொன்னபோது ஆரத்துடன் 1-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்றே தெரியாமல் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். மதிப்பெண் போனது மட்டுமல்ல. பல பல்கலைக்கழகங்களில் இப்படி வாங்கிய விடையைச் சொந்த விடையாகக் கொடுப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம், மாணவர் விசாவில் இருப்பவருக்கு அதன் விளைவு படிப்போடு நிற்காமலும் போகலாம். எந்தெந்த உதவிக்கு அனுமதி உண்டு என்பது பாடத்திட்டத் தாளில் எழுதப்பட்டிருக்கும். வேறெதையும் திறப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். பேராசிரியர்கள் ‘ஆபீஸ் அவர்ஸ்’ என்று ஒதுக்கும் நேரம், அழைத்தால்தான் போக வேண்டிய நேரம் என்று நான் ஓராண்டு நினைத்திருந்தேன். அது எவரும் போகக்கூடிய நேரம், பலர் அதைக் காணொளி அழைப்பிலேயே நடத்துகிறார்கள்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். அதே பகுதியை ஒய் = 2 என்ற கோட்டைச் சுற்றிச் சுழற்றுங்கள். அங்கே பரவளையம்தான் அச்சிலிருந்து தொலைவில் இருக்கிறது, ஆகவே வெளி ஆரமும் உள் ஆரமும் இடம் மாறும். 8பை/15 வந்தால் சரி. வராவிட்டால் உங்கள் படத்தையும் முயற்சியையும் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.