ஸ்டாட்டினுக்குப் பதில் புரோபயாட்டிக் போதுமா?

பெரம்பூரில் வசிக்கும் 54 வயது வாசகர் கேட்டிருக்கிறார்: "எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 160 இருந்ததால், அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். கொலஸ்ட்ராலைக் கரைக்கும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி மருந்துக்கடையில் ஒரு புரோபயாட்டிக் காப்ஸ்யூலைக் காட்டுகிறார்கள். தினமும் தயிரும் சாப்பிடுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?"

நிறுத்த வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் கேள்வி.

குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் கொலஸ்ட்ராலை கோப்ரோஸ்டனால் என்ற பொருளாக மாற்றுகின்றன. அதைக் குடல் ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை என்பதால் அது மலத்தோடு வெளியேறிவிடுகிறது. இந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் இஸ்ம்ஏ என்ற மரபணு 2020-இல் அடையாளம் காணப்பட்டபோது, அதைக் கொண்ட பாக்டீரியாக்கள் குடலில் உள்ளவர்களுக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் சற்றுக் குறைவாக இருப்பதும் தெரியவந்தது. எல்லோருடைய குடலிலும் இவை இருப்பதில்லை. மேலும், கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேற்பகுதியில். பாக்டீரியாக்கள் மிகுதியாக இருப்பதோ பெருங்குடலில். ஆகவே இதிலிருந்து அதிகம் எதிர்பார்க்க இயலாது என்பதே என் கருத்து.

கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த அமிலங்களின் வழியாகக் கொலஸ்ட்ரால் குறைவது இதைவிட முக்கியமானது. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து கோலிக் அமிலம், கீனோடிஆக்ஸிகோலிக் அமிலம் ஆகியவற்றைத் தயாரித்து, கிளைசின் அல்லது டாரின் என்ற சிறு மூலக்கூறோடு இணைத்துப் பித்தத்தில் அனுப்புகிறது. இவற்றில் சுமார் 95 சதவீதம் குடலிலிருந்து மீண்டும் கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது. லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவை அந்த இணைப்பை வெட்டிவிடும்போது, பிரிந்த அமிலத்தில் ஒரு பகுதி திரும்பாமல் மலத்தோடு போகிறது; அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் மேலும் கொலஸ்ட்ராலைச் செலவிட வேண்டியிருப்பதால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. பெருங்குடலில் வேறு சில பாக்டீரியாக்கள், குறிப்பாக கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ், கோலிக் அமிலத்தை டிஆக்ஸிகோலிக் அமிலமாக மாற்றுகின்றன. இது அளவுக்கு மீறினால் பெருங்குடலுக்குக் கெடுதல் என்று கருதப்படுவதால், 'பாக்டீரியா எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவு நல்லது' என்று எண்ணிவிடக் கூடாது.

அளவைப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒரு லாக்டோபேசில்லஸ் வகையைக் காப்ஸ்யூலாகக் கொடுத்த ஆய்வில் எல்.டி.எல். 10 சதவீதத்தைச் சற்றே தாண்டிக் குறைந்தது. ஸ்டாட்டின், அளவைப் பொறுத்து, 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கிறது. அந்த ஒரு வகையின் பலன் பெட்டியில் 'புரோபயாட்டிக்' என்று அச்சிட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தயிரை உணவாகத் தொடருங்கள், மருந்தாகக் கணக்கிடாதீர்கள்.

பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றும் கரையும் நார்ச்சத்தை, ஓட்ஸ், பயறு வகைகள், வெண்டைக்காய், கொய்யா ஆகியவற்றின் மூலம் உணவில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென அதிகரித்தால் வயிறு உப்பும். மாத்திரை தொடங்கி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரங்களுக்குள் ரத்தப் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள். தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும் வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவதும் அவரால் முடியும்.